கேப்டன் மேரன் கெஸ்லரும் நான் நிரப்பிக் கொடுத்த படிவமும்

மேடையில் அமர்ந்திருக்கும் கோச் வோகல் அவர்களே, பாஸ்டர் அவர்களே, பள்ளி முதல்வர் அவர்களே! முன்வரிசையில் இருக்கும் திரு கெஸ்லர் அவர்களே, திருமதி கெஸ்லர் அவர்களே, அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் சின்ன மகள் ஓபல்! பார்வையாளர் படிகளில் இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் கோர்டன் மில்ஸ் ஊராரே! சனிக்கிழமை வகுப்பின் நீல பனியனைப் போட்டுக்கொண்டு வந்திருக்கும் இருபத்து மூன்று சின்னப் பெண்களே! எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் டெஸ்ஸி பிராதர். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், குரல் தெரியாது. நான்கு வருடமாக, அதோ அந்த வளையத்துக்குக் கீழே நின்று, கேப்டன் எறிகிற பந்தை எடுத்துத் திருப்பி வீசிக்கொண்டிருந்தவள் நான். பதினாறு வயதில் பள்ளியை விட்டு நெடுஞ்சாலை விடுதியின் சலவை அறைக்கு வேலைக்குப் போன பிறகும், மாலையானால் அதே இடத்தில் வந்து நின்றேன். எனக்குப் பேச வராது. எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் படித்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நேற்று கோச் என்னிடம் சொன்னார்: "நல்லதா ரெண்டு வார்த்தை பேசும்மா. போதும்." பேசுகிறேன் கோச். கேப்டனைப் பற்றி நல்ல வார்த்தைக்கா பஞ்சம்? ஆனால் அதோடு நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தவறு கேப்டனோடு முடிந்துபோகவில்லை. இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் வேறு பெண்களின் உயிரும் அதில் மாட்டிக்கொண்டிருக்கலாம். அதனால் அதைச் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.

முதலில் அவளைப் பற்றி.

கேப்டன் மேரன் கெஸ்லர்! பதினேழு வயது. இந்தப் பள்ளியில் இரண்டு வருடம் கூடைப்பந்து அணித் தலைவி. அவள் போட்ட புள்ளிகளை எல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள்; முடிவெட்டும் கடையில் அதைத்தானே பேசுகிறீர்கள்! நான் சொல்ல வந்தது சனிக்கிழமைகளைப் பற்றி. வாரம் முழுக்க ஆடிக் களைத்தவள், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, யாரும் கேட்காமலே, பழைய தொடக்கப் பள்ளி அரங்கின் பூட்டைத் திறந்து ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தாளே, அவளைப் பற்றி. ஆம், நிற்கத்தான்! முதல் இரண்டு வாரம் பந்தையே தர மாட்டாள். ஓடி வந்து நில். ஒரு காலை ஊன்றித் திரும்பு. மறுபடி ஓடு, நில், திரும்பு.

"எப்போ பந்து தருவ?" என்று குழந்தைகள் கத்துவார்கள்.

"உங்க காலு உங்க பேச்சக் கேக்கட்டும், அப்பறம் பந்து கேக்கும்" என்பாள்.

அப்புறம் குதிக்கப் பழக்குவாள். தாழ்ந்த பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராகக் குதிக்க வேண்டும். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். சத்தத்தை வைத்தே தீர்ப்பு.

"யாரோ யானை வந்திருக்கு. பேரச் சொல்லட்டுமா, நீங்களே ஒத்துக்கிறீங்களா?"

குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் அடுத்த முறை முழங்காலை மடக்கி, முன்பாதத்தில் இறங்கி, பூனைபோல வந்து நிற்பார்கள். முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்தால் போச்சு, பத்து முறை திருப்பிச் செய்ய வேண்டும். பதினைந்து வயதில் முட்டித் தசைநார் அறுந்து மூலையில் உட்காருகிற பெண்கள் எத்தனை பேரை இந்த ஊர் பார்த்திருக்கிறது! ஒருத்திகூட இனி அப்படி உட்காரக் கூடாது என்பது அவளுடைய வைராக்கியம்.

இடது கைக்கு அவள் செய்த வைத்தியம் உங்கள் எல்லோர் வீட்டுக்கும் தெரியும். வலது கையைக் கால்சட்டை நாடாவுக்குள் செருகிக்கொண்டு இடது கையால் மட்டுமே பந்து தட்ட வேண்டும். அது போதாதென்று ஒரு வாரம் வீட்டிலும் இடது கையால் பல் தேய், இடது கையால் சாப்பிடு என்று உத்தரவு. திருமதி ஹோஸ்மன் போன் செய்து கத்தினது எனக்கே கேட்டது: "மேரன், உன் தயவுல என் வீட்டுக் கம்பளம் முழுக்கப் பால்!"

"சந்தோசம் மிஸஸ் ஹோஸ்மன். வலது பக்கம் சிந்துச்சா, இடது பக்கமா?"

பந்தைக் கண்டாலே அழுகிற ட்ரூடியை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது வரிசையில் இருக்கிறாள், இப்போது எட்டு வயது.

"அது என்னை அடிச்சிடும்."

"அடிச்சா நீயும் அடி. தரையில வச்சு அடி. திரும்பி வந்தா மறுபடி அடி. பாரு, நீ சொல்றதத்தான் கேக்குது."

அவ்வளவுதான். போன மாதம் ட்ரூடி பந்தைப் பார்க்காமலே தட்டிக்கொண்டு அரங்கைச் சுற்றி வந்தாள். இப்படிச் சொல்லிக்கொடுக்க யாரால் முடியும்? எங்கே கற்றாள் இதை? எனக்குத் தெரியவில்லை.

வகுப்பு தொடங்கும் முன் ஒவ்வொரு குழந்தையையும் பார்த்து, "எங்கயாவது வலிக்குதா?" என்று கேட்பாள். வலிக்குது என்றால் உட்கார வைத்துவிடுவாள்; அழுதாலும் விட மாட்டாள். குழந்தைகளிடம் அத்தனை கண்டிப்பு. தன் விஷயத்தில் மட்டும் அவள் வேறு ஆள். இது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

போன நவம்பரில் ஒரு நாள், "பதினேழு" ஓடி முடித்த பிறகு. ஆடுகளத்தின் குறுக்கே ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்குப் பதினேழு முறை, ஒரு நிமிடத்துக்குள் ஓடுவதுதான் பதினேழு. இங்கே ஆடின எல்லோருக்கும் அது தெரியும். பந்துகளை வைக்கப் போனவள் திரும்பவில்லையே என்று நான் பொருள் அறைக்குப் போனேன். தரையில் கிடந்தாள். நான் தொட்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏய், என்னாச்சு உனக்கு?"

"விழுந்துட்டேன்னு நெனக்கிறேன்." சிரித்தாள். "காலைல சாப்பிடல. வாழப்பழம் வச்சிருக்கியா?"

"கோச்கிட்ட சொல்லட்டா?"

"சொன்னேன்னா உன்கூட பேச மாட்டேன். ஆமா, நீ எப்பப் பேசின, நான் நிறுத்தறதுக்கு?"

நானும் சிரித்துவிட்டேன். வாழைப்பழம் கொடுத்தேன்.

இரண்டாவது முறை மார்ச்சில். சரளைச் சாலையில் அவள் ஓட, நான் சைக்கிளில் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். மேட்டில் ஏறும்போது கால் பின்னிற்று, அப்படியே புல்லில் சரிந்தாள். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் கண்ணைத் திறந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது.

"கேப்டன், இது ரெண்டாவது தடவ."

"கணக்கு வச்சிருக்கியா நீ? ஜூலைல காலேஜ் டீமுக்கு ஆள் எடுக்க கோச்சுங்க பாக்க வர்றாங்கடி. அது முடியட்டும், நானே டாக்டர்கிட்டப் போறேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

வாயைத் திறக்காமல் இருப்பது! அதைவிட எனக்குச் சுலபமான வேலை உண்டா? பள்ளியில் அதைச் செய்தேன், வேலையில் அதைச் செய்கிறேன். அவள் வேறு எதைக் கேட்டிருந்தாலும் எனக்குச் சிரமமாக இருந்திருக்கும். இதை யோசிக்காமல் ஒப்புக்கொண்டேன்.

ஏப்ரலில் விளையாட அனுமதி தரும் உடல் பரிசோதனை மாலை வந்தது. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மருத்துவமனையிலிருந்து இரண்டு டாக்டர்கள் இந்த அரங்குக்கே வருவார்கள். அறுபது பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். படிவத்தின் அடியில் அம்மாவோ அப்பாவோ சமையலறை மேசையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மேலே இருக்கும் கேள்விகள் காலியாக இருக்கும். அதை நாங்கள் இந்தப் படிகளில் உட்கார்ந்து, ஒருத்தி முதுகில் ஒருத்தி வைத்து நிரப்புவோம். நிரப்புவது என்றால் என்ன? 'இல்லை' என்ற கட்டங்களில் மேலிருந்து கீழே வரிசையாக டிக் அடிப்பது. யாராவது அப்படிச் செய்யாமல் இருந்திருக்கிறீர்களா? கோச்சும் அன்று வேடிக்கையாகச் சொன்னார்: "பாத்துப் போடுங்கம்மா! ஒரே ஒரு 'ஆமா' போட்டீங்கன்னா ஆறு வாரம் ஆடாம பெஞ்சுதான்!" எல்லோரும் சிரித்தோம். கோச், உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நீங்களே என்னிடம் அதை நினைத்து அழுதீர்கள்.

அன்று கேப்டனுக்கு விரல் சுளுக்கி, கையை ஐஸ் வாளிக்குள் வைத்திருந்தாள். படிவத்தை என் மடியில் போட்டாள்.

"உன் கையெழுத்துதான் அழகா இருக்கும். நீயே போட்டுடு."

நான் கேள்விகளைச் சத்தமாகப் படித்தேன். ஆஸ்துமா? இல்லை. எலும்பு முறிவு? இல்லை. பிறகு அந்தக் கேள்வி: உடற்பயிற்சியின்போதோ அதன் பிறகோ எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா?

நான் படித்துவிட்டு அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

"இல்லன்னு போடுடி" என்றாள்.

என் கையில் பேனா இருந்தது. இரண்டு முறையும் பக்கத்தில் இருந்தவள் நான். நான் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அழகாகத்தான் அடித்தேன்.

அதற்கு அடுத்த பகுதி குடும்பத்தைப் பற்றியது. அதை நான் படிக்கக்கூட இல்லை. வரிசை நகர்ந்துவிட்டது, ஒரே இழுப்பில் கீழே வரை 'இல்லை' போட்டேன். அவள் போன பிறகுதான் ஒரு வெற்றுப் படிவத்தில் அதைப் படித்துப் பார்த்தேன். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்ததுண்டா, நீரில் மூழ்கியது உட்பட, என்று இருக்கிறது. நீரில் மூழ்கியது உட்பட! கேப்டனுடைய சித்தப்பாவை உங்களில் பலருக்குத் தெரியும். நன்றாக நீந்துகிறவர், இருபத்தெட்டு வயதில் கல்குவாரித் தண்ணீரில் போனவர். குடித்திருப்பார் என்று ஊர் பேசியது. இருதயத்துக்கும் குவாரிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நம்மில் யாருக்குத் தோன்றியது? அந்த ஒரு வரியை நான் வாய்விட்டுப் படித்திருந்தால் அவளுக்குச் சித்தப்பா நினைவு வந்திருக்காதா? நான் படிக்கவில்லை.

மே மாதம், அந்தச் செவ்வாய்க்கிழமை. பதினேழு ஓடிக்கொண்டிருந்தாள். நான் கோட்டில் நின்று எண்ணினேன். ஒன்பதில் அவள் வேகம் குறைந்தது. "நிக்காத! ஓடு கேப்டன், ஓடு!" என்று கத்தினேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு சத்தமாகக் கத்தியது அன்றுதான். அவள் ஓடினாள். பதினொன்றில் விழுந்தாள்.

கோச் அவள் நெஞ்சை அழுத்தினார். இருதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியை ஓடிப் போய் எடுத்துவந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. எல்லோரும் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். நான் செய்ய வேண்டியதை மட்டும் ஒரு மாதத்துக்கு முன்பே செய்யாமல் விட்டிருந்தேன்.

பிரேதப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். இருதயம் பார்க்க நன்றாகவே இருக்கிறது, காரணம் புரியவில்லை என்றார்கள். கடவுள் சித்தம் என்று எல்லோரும் சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன். அவள் முன்பே இரண்டு முறை விழுந்தவள் என்பது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தி ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. ஏன்? அவளுக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பயம். என்னைப் பார்த்து, "நீதானே டிக் போட்டே?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

ஒன்பதாம் நாள், எங்கள் வீட்டில் செய்த நூடுல்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு கெஸ்லர் வீட்டுக்குப் போனேன். கார் நிறுத்தும் இடத்தில் ஓபல் ஓடிக்கொண்டிருந்தாள். சாக்கட்டியால் இரண்டு கோடு போட்டிருந்தாள். ஒன்பது வயது.

"டெஸ்ஸி! அக்கா மாதிரி பதினேழு ஓடப் போறேன். நீ எண்ணு!"

"வேணாம் ஓபல், வெயிலா இருக்கு."

"எண்ணு! அக்காவுக்கு மட்டும் எண்ணுவ, எனக்கு எண்ண மாட்டியா?"

நான் எண்ணத் தொடங்கினேன். கேளுங்கள், அப்போதுகூட எண்ணத்தான் தொடங்கினேன்! ஒன்று. இரண்டு. மூன்று. கோட்டைத் தொட்டுத் திரும்புகிறபோது அவள் முகம் கேப்டன் முகமாகவே இருந்தது. நான்கு. அதற்கு மேல் என் வாயில் எண் வரவில்லை. "நில்லு! நில்லு!" என்று கத்தி, தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிப் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் பயந்து அழுதுவிட்டாள்.

சமையலறையில் திருமதி கெஸ்லர் ஊரார் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றின் அடியிலும் யாருடையது என்று பெயர் ஒட்டியிருந்தது. நான் கதவருகே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தன தடவ?"

"ரெண்டு."

"எம்பொண்ணு ரெண்டு தடவ விழுந்திருக்கா." குழாயை மூடினார். "அந்தத் தாளுல கையெழுத்து என்னுது. நான் ஒரு வரி படிக்கல."

நான் அழுதேன். அவர் அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கார்ச் சாவியை எடுத்தார்.

"ஓபலக் கூப்பிடு. நீயும் கார்ல ஏறு."

"நானா?"

"நீதான் டாக்டர்கிட்டச் சொல்லணும். நான் சொன்னா எதையாவது விட்டுடுவேன். நீ பாத்தவ. எப்போ, எங்க, எவ்வளவு நேரம், உதடு என்ன நெறம், எல்லாத்தையும் சொல்லு. இன்னிக்கு நீ பேசித்தான் ஆகணும்."

பேசினேன். அன்றே ஓபலுக்கு இசிஜி எடுத்தார்கள். அடுத்த நாள் இண்டியானாபொலிசில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இருதயத்தின் துடிப்புத் தாளம் திடீரென்று தவறிப்போகிற பிறவிக் கோளாறு ஒன்று ஓபலுக்கு இருக்கிறது. குடும்பத்தில் இறங்கி வருவது. வெட்டிப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாதாம். ஓடும்போது வரும், நீந்தும்போது வரும். கேப்டனுக்கும் அதுவாகத்தான் இருக்கும் என்கிறார்கள். ஏப்ரலிலேயே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா. ஆனா பாத்திருப்போம்" என்றார் டாக்டர். அந்த 'பாத்திருப்போம்' என்ற சொல்லோடுதான் நான் இப்போது தூங்குகிறேன், எழுகிறேன்.

ஓபல் மாத்திரை சாப்பிடுகிறாள். இப்போதைக்கு ஓடக் கூடாது, நீந்தக் கூடாது. இதோ நம் முன்னால் உயிரோடு உட்கார்ந்து, என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டிருக்கிறாள், அன்று பதினேழை முடிக்க விடவில்லை என்று. முறைக்கட்டும்!

திருமதி கெஸ்லர் என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை? ஆனால் இதையெல்லாம் இங்கே சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லு. அந்தத் தாளு எல்லார் வீட்டுப் பொண்ணு பேர்லயும் இருக்கு" என்றார்.

அதனால்தான் சொன்னேன். இப்போது கேட்கிறேன். அன்று மாலை நிரப்பிய அறுபது படிவங்களில் எத்தனை உண்மை? இந்தப் படிகளில் உட்கார்ந்திருக்கும் தோழிகளே, நீங்கள் 'இல்லை' என்று போட்டதில் எத்தனை நிஜமான இல்லை? உங்களில் யார், எந்தத் தோழியிடம், "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சொல்லியிருக்கிறீர்கள்? அதைக் கேட்டு வாயை மூடிக்கொண்ட தோழி யார்? நான் அவளிடம் பேசுகிறேன். வாக்கை மீறு. அவள் உன்னோடு ஒரு மாதம் பேசாமல் இருக்கட்டும், ஒரு வருடம் பேசாமல் இருக்கட்டும். இருக்கட்டுமே! உயிரோடு இருந்துகொண்டு என்னோடு பேசாத ஒருத்தியை நான் எத்தனை ஆசையாக வைத்துக்கொண்டிருப்பேன்!

கோச் வோகல் பழைய படிவங்கள் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டார். எந்தக் கேள்விக்கு 'ஆமாம்' போட்டாலும், டாக்டர் பார்த்து முடிக்கும்வரை அந்தப் பெண்ணின் இடம் அணியில் காலியாகவே இருக்கும், வேறு யாருக்கும் போகாது என்று கையெழுத்துப் போட்டு அரங்கு வாசலில் ஒட்டியிருக்கிறார். நன்றி கோச்.

கேப்டன் மேரன் கெஸ்லர் தொடங்கிய சனிக்கிழமை வகுப்பு நிற்காது. என்னை அதை நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். அவளைப்போல எனக்கு விளையாட வராது, சிரிக்க வைக்கவும் வராது. நிற்கவும் திரும்பவும் சத்தமில்லாமல் இறங்கவும் அவள் சொல்லிக்கொடுத்ததை நான்கு வருடம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அதைச் சொல்லிக்கொடுப்பேன். இவ்வளவும் கேட்ட பிறகு உங்கள் பெண்ணை என்னிடம் அனுப்ப மனம் வராவிட்டால், அது நியாயம். ட்ரூடியின் அம்மா நடத்தட்டும், நான் பந்து எடுத்துப் போடுகிறேன். யார் நடத்தினாலும், கேப்டன் பெயரால் இன்று நான் உறுதி சொல்கிறேன்: அம்மா பக்கத்தில் உட்காராமல், ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படிக்காமல், ஒரு குழந்தைகூட அந்தக் களத்தில் கால் வைக்காது.

வாசலருகே மேசை போட்டிருக்கிறது. அறுபது புதுப் படிவங்களும், சின்னவர்களுக்கு இருபத்து மூன்றும் அதன்மேல் இருக்கின்றன. பாஸ்டர் ஜெபம் செய்து முடித்ததும் நான் அங்கே போய் உட்காருவேன். எவ்வளவு நேரம் ஆனாலும் உட்கார்ந்திருப்பேன். அம்மாவோடு வாருங்கள், அப்பாவோடு வாருங்கள், வீட்டில் யார் எப்படி இறந்தார்கள் என்று தெரிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காதவர்கள் கோச்சிடம் போகலாம்.

ஆனால் வாருங்கள்.